ஃபுட்சால்: பந்தில்லாத முப்பத்தாறு நிமிடங்கள்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களைப் பற்றியே எழுதுவர். கோப்பை வென்றவர், பதக்கம் பெற்றவர், பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானவர் ஆகியோரின் பெயர்கள் ஆண்டு மலரில் இடம்பெறுவது முறையே. ஆனால் கடைசி வகுப்பு முடிந்து, ஊருக்குப் போகும் பேருந்து வருவதற்குள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பந்தை உதைத்துவிட்டு ஓடும் சாதாரண மாணவரைப் பற்றி எழுதுவோர் அரியர். எந்த அணியிலும் இடம்பெறாத, எந்தப் பயிற்சியாளரிடமும் கற்காத அத்தகைய ஒருவர், ஃபுட்சால் என்னும் ஐவர் கால்பந்தை நன்றாக ஆடக் கற்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

‘நன்றாக ஆடுதல்’ என்றால் என்ன? பந்தைத் தலையில் நிறுத்துவதும், குதிகாலால் தூக்கி எதிரியின் தலைக்கு மேல் அனுப்புவதும் பார்ப்பதற்கு இனியவை. அவற்றைச் சிறுவயதிலிருந்தே பழகியவர்கள் செய்யட்டும். நாம் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் வேறு. ஒருவர் களத்தில் இருப்பதால் அவருடைய அணியிலுள்ள மற்ற நால்வருக்கும் ஆட்டம் எளிதாகிறது என்றால், அவர் நன்றாக ஆடுகிறார். இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால், இருபது வயதில் தொடங்குபவரும் சில மாதங்களில் நல்ல ஆட்டக்காரர் ஆகலாம். அது எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

பிறப்பும் வளர்ச்சியும்

ஃபுட்சால் பிறந்த ஊர் தென்னமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டின் தலைநகர் மான்டிவிடியோ. 1930-ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்நகரில்தான் நடைபெற்றது. உருகுவே நாடே கோப்பையையும் வென்றது. ஊரெங்கும் கால்பந்து மோகம். அதே ஆண்டில் அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துத் திடல் அளவேயுள்ள இடத்தில் ஆடத்தக்க கால்பந்து ஒன்றை வகுத்தார். அணிக்கு ஐவர் என்பதையும் 40 நிமிட ஆட்டம் என்பதையும் கூடைப்பந்திலிருந்தும், கோலின் அளவைக் கைப்பந்து எனப்படும் ஹேண்ட்பாலிலிருந்தும், கோல் காப்பாளருக்குரிய விதிகளை நீர்ப்பந்தாட்டத்திலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார் என்பர். கூடைப்பந்தும் 1891-இல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சார்ந்த பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் உருவாக்கப்பட்டதே. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கப்பட்டது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். இடமும் வசதியும் குறைந்த சூழ்நிலையில், இருப்பதைக் கொண்டு ஆட்டத்தை ஆக்கித் தந்தவர்கள் ஆசிரியர்களே.

‘ஃபுட்சால்’ என்ற சொல், கூடத்துக் கால்பந்து என்று பொருள்படும் ஸ்பானிய, போர்த்துக்கீசியத் தொடர்களின் சுருக்கம். உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபா 1989-இல் நெதர்லாந்தில் முதல் ஃபுட்சால் உலகக் கோப்பையை நடத்தியது. 2024 வரை நடந்த 10 போட்டிகளில் பிரேசில் 6 முறையும், ஸ்பெயின் 2 முறையும், அர்ஜென்டினாவும் போர்ச்சுகலும் ஒவ்வொரு முறையும் வென்றுள்ளன. மகளிருக்கான முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை 2025-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்றது. பெலே, ரொனால்டினோ, நெய்மார் ஆகியோர் இளமையில் இவ்வாட்டத்தை ஆடி வளர்ந்தவர்களே.

நம் நாட்டிலும் இது புதியதன்று. 2016-இல் பிரீமியர் ஃபுட்சால் தொடரின் ஆட்டங்கள் சென்னையில் நடந்தபோது, பிரேசிலின் புகழ்பெற்ற ஃபால்காவோ சென்னை அணிக்காக ஆடினார். 2021-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முதன்முறையாக ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. இன்று நகரங்களில் வலை கட்டிய செயற்கைப் புல்தரைகள், அதாவது டர்ஃப்கள், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அங்கே ஆடப்படுவது பெரும்பாலும் ஃபுட்சாலின் தம்பி முறையான ஐவர் ஆட்டமே. வாடகை கொடுக்க இயலாதவர்களுக்கு, செரியானி காட்டிய வழியில், கல்லூரியின் கூடைப்பந்துத் திடல் இருக்கவே இருக்கிறது.

களமும் பந்தும்

சர்வதேச ஃபுட்சால் களம் 38 முதல் 42 மீட்டர் வரை நீளமும், 20 முதல் 25 மீட்டர் வரை அகலமும் உடையது. கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. ஒரு பாதிக்கு 20 நிமிடமாக இரு பாதிகள். பந்து வெளியே போனால் கடிகாரம் நிறுத்தப்படும். 40 மீட்டருக்கு 20 மீட்டர் என்று கொண்டால், பரப்பு 800 சதுர மீட்டர். பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 80 சதுர மீட்டர். பெரிய கால்பந்துத் திடலை 105-க்கு 68 மீட்டர் என்று கொண்டு 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் வரும். ஃபுட்சாலில் கிடைப்பது அதில் கால் பங்கே. கூடைப்பந்துத் திடலின் அளவு 28-க்கு 15 மீட்டர். அங்கே ஐவருக்கு ஐவர் ஆடினால் ஆளுக்கு 42 சதுர மீட்டர்தான். ஆதலால் அங்கே நால்வருக்கு நால்வராக ஆடுவது நல்லது.

இடம் குறைந்தால் நேரமும் குறையும். பந்து வந்து சேர்ந்த பிறகு ‘என்ன செய்யலாம்’ என்று சிந்திப்பவருக்கு எதிரியின் கால் முன்னே வந்து நிற்கும். ஃபுட்சாலில் கற்க வேண்டிய அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவையே.

பந்தும் இதற்கேற்றவாறு அமைந்துள்ளது. அதன் சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர்; எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் எழுச்சியில் 50 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 65 சென்டிமீட்டருக்கு மிகாமலும் எழ வேண்டும் என்பது விதி. அதாவது தரையில் மோதிய பின் ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரையே மிஞ்சுகிறது. மோதும் வேகத்துக்கும் எழும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை மீட்சிக் குணகம் என்கிறோம். அது இங்கே 0.50-க்கும் 0.57-க்கும் இடைப்பட்டது. சாதாரணக் கால்பந்தோ ஒரு மீட்டருக்கும் மேல் எழும்பும். துள்ளாத பந்து தரையோடு ஒட்டி ஓடும், காலுக்கு அடங்கும். ஃபுட்சால் பந்து வாங்க இயலாவிடில், பழைய பந்தின் காற்றைச் சற்றுக் குறைத்து, சுவரில் 2 மீட்டர் உயரத்தில் சாக்கட்டியால் கோடிட்டு, அங்கிருந்து விட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. ஆனால் பந்து மட்டும் கோணலாக இருந்தால் ஆடத் தெரிந்தவருக்கும் தொல்லையே.

ஒரு கணக்கு

இனிக் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். களத்தில் இருப்பது ஒரு பந்து. ஆடுபவர் பத்துப் பேர். நேரம் 40 நிமிடம். பந்து எல்லாரிடமும் சமமாக இருந்தாலும் ஒருவருக்கு 4 நிமிடமே கிடைக்கும். ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்குப் பந்து போகும் நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். எஞ்சிய 36 நிமிடங்களில் அவர் பந்தில்லாமல் இருக்கிறார்.

நாம் பயிற்சி செய்வதெல்லாம் எதற்காக? அந்த 4 நிமிடத்துக்காக. உதைப்பது, உருட்டுவது, வெட்டிச் செல்வது என்று பந்தோடு செய்யும் காரியங்களையே பழகுகிறோம். 36 நிமிடத்துக்கு என்ன செய்வது என்று யாரும் நினைப்பதில்லை. சிலர் இடுப்பில் கை வைத்து நிற்கின்றனர். சிலர் பந்து போகுமிடமெல்லாம் பின்னால் ஓடுகின்றனர். பல ஆண்டுகள் பழகியவருக்கும் நேற்றுத் தொடங்கியவருக்கும் அந்த 4 நிமிடத்தில் உள்ள இடைவெளி பெரிது. அதைக் குறுகிய காலத்தில் கடக்க முடியாது. ஆனால் 36 நிமிடத்தில் உள்ள இடைவெளியைக் கண்ணும் கவனமும் உள்ள எவரும் கடக்கலாம். அதற்குத் திறமை வேண்டுவதில்லை, பழக்கமே வேண்டும்.

‘ஒருவரே 8 நிமிடம் பந்தை வைத்திருந்தால் என்ன?’ என்று கேட்கலாம். அப்போதும் அவருக்கு 32 நிமிடம் பந்தில்லை. அதோடு, அவருடைய தோழர் நால்வரும் ஆட்டக்காரர் நிலையிலிருந்து பார்வையாளர் நிலைக்கு இறங்கிவிடுகின்றனர்.

பந்தில்லாதபோது செய்ய வேண்டியவை

முதலாவது, வெளிச்சத்தில் நிற்றல். பந்தை ஒரு விளக்காகக் கருதுங்கள். ஒவ்வோர் எதிரியின் பின்னாலும் ஒரு நிழல் விழும். அந்த நிழலுக்குள் நிற்பவருக்குப் பந்து வந்து சேராது. ‘எனக்குக் கொடு’ என்று எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. பக்கவாட்டில் ஒன்றிரண்டு மீட்டர் நகர்ந்தால் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம். பந்து இடம் மாறும்போதெல்லாம் நிழலும் இடம் மாறும். ஆதலால் நாமும் மாற வேண்டும். நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. பல வேளைகளில் மூன்று அடி எடுத்து வைத்தாலே போதும்.

இரண்டாவது, பார்த்த பின் வாங்குதல். பந்து நம்மை நோக்கிப் புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். எதிரி எங்கே, தோழர் எங்கே, வெற்றிடம் எங்கே என்ற மூன்றுக்கும் விடை அந்த ஒரு பார்வையில் கிடைத்துவிடும். 8 மீட்டர் தொலைவிலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.8 விநாடியில் வந்து சேரும். அந்த நேரத்தில் பந்தை மட்டுமே பார்க்க முடியும். எனவே மற்றவற்றை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கொடுத்த பின் நகர்தல். பாஸ் கொடுத்தவுடன் தம் கடமை முடிந்தது என்று நிற்பவரை எதிரி கவனிக்கத் தேவையில்லை. அவர் வேறொருவரை மறிக்கப் போய்விடுவார். கொடுத்தவுடன் நகர்ந்தால், மறிப்பவரும் கூடவே வர வேண்டும். அல்லது நம்மை விட்டுவிட வேண்டும். வந்தால் அவர் விட்டுச்சென்ற இடம் தோழருக்குப் பயன்படும். வராவிட்டால் நாமே தனித்து நிற்போம். இரண்டும் நமக்கு இலாபமே. பந்து திரும்பி வராத ஓட்டமும் வீணன்று என்பதை உணர்வதே இவ்விளையாட்டில் முதிர்ச்சி.

நான்காவது, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புதல். பொதுவாகக் கோல் காப்பாளருக்கு முன் ஒருவர், இரு பக்கங்களிலும் இருவர், முன்னே ஒருவர் என்று சாய்சதுர வடிவில் நிற்பர். பின்னால் நிற்பவரை ‘ஃபிக்சோ’ என்றும், பக்கத்தில் உள்ளோரை ‘ஆலா’ என்றும், முன்னே முதுகைக் கோலுக்குக் காட்டிப் பந்தை வாங்குபவரை ‘பிவோ’ என்றும் பிரேசிலில் கூறுவர். இவை நிலையான இடங்கள் அல்ல. ஃபிக்சோ முன்னேறினால் ஓர் ஆலா பின்னால் வர வேண்டும். வடிவம் இருக்கும், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பர். புதியவர்கள் சாய்சதுரத்தைக்கூட மறந்து, ‘எப்போதும் ஒருவராவது பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும்’ என்ற ஒன்றை மட்டும் நினைவில் கொண்டால் போதும். பாதி கோல்கள் விழாமல் தடுக்கப்படும்.

பந்து வந்தபோது செய்ய வேண்டியவை

அந்த 4 நிமிடத்தையும் புறக்கணிக்க இயலாது. ஆனால் அதற்கு வேண்டிய நுட்பங்கள் மிகச் சிலவே.

பந்தை உள்ளங்காலால் நிறுத்துவது ஃபுட்சாலின் அடிப்படை. பெரிய திடலில் பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை அடக்குவர். வழுவழுப்பான சிறு களத்தில் பந்து அரை மீட்டர் விலகினாலும் எதிரிக்குச் சொந்தமாகும். குதிகாலைத் தாழ்த்தி, முன்பாதத்தைச் சற்றே உயர்த்தி, ஷூவின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே பந்து சிக்குமாறு மெல்ல நிறுத்த வேண்டும். மிதிக்கக் கூடாது, தொட வேண்டும். அங்கிருந்து பந்தைப் பின்னுக்கும் பக்கத்துக்கும் உருட்டுவது எளிது.

பாஸ் கொடுக்கும்போது பந்து தரையோடு, உறுதியாகப் போக வேண்டும். எதிரி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தோழரின் காலுக்குக் கொடுக்க வேண்டும். மெதுவான பாஸைப் போல் ஆபத்தானது வேறில்லை.

கோல் அடிப்பதற்கு நுனிக்காலும் ஒரு நல்ல கருவி. பெரிய திடலில் இது இகழப்படுவதுண்டு. இங்கே காலைப் பின்னால் வீசி உதைக்க நேரமில்லாதபோது, பெருவிரல் நுனியால் குத்திவிடும் பந்து, காப்பாளர் எதிர்பாராத கணத்தில் புறப்படும். அதைவிட முக்கியமானது தொலைவிலுள்ள கோல் கம்பத்தருகே போய் நிற்பது. ஒரு பக்கத்திலிருந்து தோழர் உதைக்கும்போது, மறுபக்கக் கம்பத்தருகே ஒருவர் நின்றால், கோலுக்கு வெளியே போகவிருந்த பந்தையும் உள்ளே தள்ளிவிடலாம். இதற்கு வேண்டியது ஓடிச் சேரும் முயற்சி மட்டுமே. இதுவும் பந்தில்லாதபோது செய்யும் வேலையே அன்றோ!

தடுத்தலும் கோல் காத்தலும்

கபடி ஆடியவர்களுக்குத் தடுத்தல் எளிதில் விளங்கும். பாடி வருபவர் மீது முதலில் பாய்பவரே ஏமாறுவார். முழங்கால் வளைத்து, பக்கவாட்டில் நின்று, வருபவர் காலை நீட்டும் வரை காத்திருப்பவரே பிடிப்பார். ஃபுட்சாலிலும் அப்படியே. பந்தோடு வருபவரை ஒரு கை நீளத்தில் நிறுத்தி, களத்தின் ஓரக்கோட்டை நோக்கித் திருப்பிவிட வேண்டும். கோடும் நமக்கு ஒரு தடுப்பாளர். அது ஒருபோதும் களைப்பதில்லை.

விதியும் பொறுமையையே வற்புறுத்துகிறது. ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் பவுல்கள் கணக்கிடப்படும். ஆறாவது பவுலிலிருந்து எதிரணிக்குக் கிடைக்கும் நேரடி உதையின்போது நம்மவர் சுவர்போல் குறுக்கே நிற்க முடியாது. கோலிலிருந்து 10 மீட்டர் தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து உதைக்கலாம். அவசரக் காலுக்கு விதி வைத்த அபராதம் இது. அதேபோல, வெளியே போன பந்தை உள்ளே உதைக்கவும், காப்பாளர் தம் பாதியில் பந்தை வைத்திருக்கவும் 4 விநாடிதான் அனுமதி. பதறாத காரியம் சிதறாது என்பது உண்மையே; ஆனால் இங்கே பதறாமலிருக்க வேண்டுமானால் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

கோல் காப்பாளர் பாய்வதைவிட நிற்குமிடமே முக்கியம். கோலுக்கு நேர் எதிரே 6 மீட்டரில் ஒருவர் பந்தோடு நிற்பதாகக் கொள்வோம். காப்பாளர் கோட்டிலேயே நின்றால் 3 மீட்டர் அகலத்தைக் காக்க வேண்டும். 2 மீட்டர் முன்னே வந்தால், வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, அவர் காக்க வேண்டிய அகலம் 2 மீட்டராகக் குறைகிறது. 3 மீட்டர் முன்னே வந்தால் ஒன்றரை மீட்டர்தான். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் பந்து 6 மீட்டரை 0.3 விநாடியில் கடந்துவிடும். கண்டு அசைவதற்கே மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். எனவே பந்து புறப்பட்ட பின் செய்வதற்கு அதிகமில்லை. அதற்கு முன் இரண்டடி முன்னே வந்திருப்பதே காப்பு. மிகவும் முன்னே வந்தால் தலைக்கு மேல் தூக்கிவிடுவர் என்பதையும் மறக்கலாகாது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

நமக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு மாலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணியையும் பின்வருமாறு பிரிக்கலாம்.

முதல் 10 நிமிடம் வார்ம்-அப். மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், முழங்காலை உயர்த்தி ஓடுதல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை காத்தல் ஆகியவை போதும்.

அடுத்த 10 நிமிடம் சுவர். சம்பளம் வாங்காத பயிற்சியாளர் அதுவே. 4 மீட்டரில் நின்று வலக்காலால் 50, இடக்காலால் 50 முறை பந்தை அனுப்பி, ஒவ்வொரு முறையும் உள்ளங்காலால் நிறுத்த வேண்டும்.

அடுத்த 15 நிமிடம் நால்வர் நடுவே ஒருவர். 5 மீட்டர் சதுரத்தின் மூலைகளில் நால்வர் நின்று பந்தை மாற்ற, நடுவில் இருப்பவர் பறிக்க வேண்டும். இருமுறைக்கு மேல் பந்தைத் தொடக் கூடாது. பிறகு இதிலேயே ஒரு மாற்றம்: பந்து வாங்கப் போகிறவரின் பின்னால் வெளியில் நிற்கும் நண்பர் விரல்களைக் காட்டுவார், வாங்குபவர் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே பந்தை வாங்க வேண்டும். திரும்பிப் பார்க்கும் பழக்கம் இதனால் தானே வந்துவிடும்.

அடுத்த 20 நிமிடம் ஆட்டம். கடைசி 5 நிமிடம் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி.

ஆட்டத்தின்போது, மாற்றுக்காகக் காத்திருக்கும் ஒருவர் தாளும் பென்சிலும் எடுத்து ஒரே ஓர் ஆட்டக்காரரைக் கவனிக்கட்டும். வாங்குவதற்கு முன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தார், கொடுத்த பின் எத்தனை முறை நகர்ந்தார், எத்தனை முறை பந்தை இழந்தார் என்று மூன்று வரிசைகளில் கோடிட வேண்டும். ஆய்வகத்தில் அளவீடு எடுத்துப் பழகிய நமக்கு இது புதிதன்று. வாரந்தோறும் எண்கள் மாறுவதைக் காணும்போது ஏற்படும் ஊக்கம் பெரிது. ‘நன்றாக ஆடினாய்’ என்ற பாராட்டைவிட, ‘பத்துப் பாஸில் ஏழுமுறை நகர்ந்தாய்’ என்ற குறிப்பு நமக்கு அதிகம் கற்றுத் தரும்.

உடலைக் காத்தல்

சிமெண்டுத் தரை மன்னிப்பதில்லை. ஃபுட்சாலில் திடீர் நிறுத்தங்களும் திருப்பங்களும் மிகுதி. கணுக்காலும் முழங்காலும் இவற்றின் சுமையைத் தாங்குகின்றன. தட்டையான ரப்பர் அடியுள்ள ஷூ அணிய வேண்டும். ஆணிகள் உள்ள கால்பந்து பூட்ஸ் சிமெண்டில் வழுக்கும். வெறுங்காலில் ஆடுவது விரலுக்குக் கேடு. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிப்பதைச் சிமெண்டில் அறவே விலக்க வேண்டும். கணுக்கால் பிசகினால் ‘உதறிவிட்டு ஆடு’ என்று யார் சொன்னாலும் கேளாமல் ஆட்டத்தை நிறுத்தி, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். வீக்கம் மிகுந்தாலோ காலை ஊன்ற முடியாவிட்டாலோ மருத்துவரைக் காண வேண்டும். தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களமிறங்கலாகாது. கோடைக் காலத்தில் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஓரத்தில் நிற்பவர்

இறுதியாக ஒன்று. நம் மாலை ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவரைக் கோலில் நிறுத்திவிடுவர். அல்லது ‘நீ அங்கே நில்’ என்று ஒரு மூலையைக் காட்டிவிட்டு, ஆட்டம் முடியும் வரை பந்தைக் கொடுக்க மாட்டார்கள். மூன்று மாலைகள் இப்படி நின்றவர் நான்காம் மாலை வருவதில்லை. நம் கல்லூரிகளுக்கு வருவோரில் பலர் பள்ளியில் பயிற்சியாளரையோ நல்ல திடலையோ கண்டதில்லை. இப்போது விட்டால், வேலை, குடும்பம் என்று போகும் பிற்கால வாழ்வில் அவர்கள் ஒரு விளையாட்டையும் கற்கப் போவதில்லை. ஒரு மாணவர் இருபது வயதில் விளையாட்டை விட்டு விலகுவது அவ்வளவு சிறிய இழப்பா?

இதை இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கணக்கும் இதையே சொல்கிறது. பதினொருவர் அணியில் ஒருவரை ஒதுக்கினால் பதினொன்றில் ஒரு பங்கு வலிமை போகும். ஐவர் அணியில் ஒருவரை ஒதுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு போகும். எந்த அணியாலும் அதைத் தாங்க இயலாது. ஒதுங்கி நிற்பவரைக் காக்க எதிரணிக்கு ஆளும் தேவையில்லை. அவர்கள் நால்வரும் நம் மூவரைச் சூழ்ந்துகொள்வர். ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஃபுட்சாலின் விதி. முறையான போட்டியிலேயே 9 மாற்று ஆட்டக்காரர்கள் வரை அனுமதி உண்டு. கோல் காப்பையும் முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம். எனவே ஒரு மணி நேரத்தில் இருபது பேர் ஆடி மகிழ இவ்வாட்டத்தில் இடமிருக்கிறது. மாணவியர் தனியே ஒரு மாலை கேட்டால் அதற்கும் இதே திடலும் இதே பந்தும் போதும்.

புதியவருக்கும் ஒரு சொல். ‘எனக்குப் பந்து உருட்டத் தெரியாதே’ என்று ஓரத்தில் நிற்க வேண்டாம். நிழலிலிருந்து விலகி நில்லுங்கள். பந்து வருவதற்கு முன் திரும்பிப் பாருங்கள். வந்ததை அருகிலிருப்பவருக்கு உறுதியாகக் கொடுங்கள். கொடுத்த உடனே நகருங்கள். இந்த நான்கையும் செய்பவரைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ள எவரும் விரும்புவர். நான்கில் எதற்கும் பிறவித் திறன் தேவையில்லை. பந்தோடு இருக்கும் நான்கு நிமிடத்தில் யார் சிறந்தவர் என்பதைக் காண்போர் பேசட்டும். பந்தில்லாத முப்பத்தாறு நிமிடத்தில் யார் உழைத்தார் என்பதை உடன் ஆடிய நால்வரும் அறிவர். அவர்கள் நாளையும் நம்மை ஆட அழைத்தால், நாம் நன்றாக ஆடினோம் என்று பொருள்.